பவுலின் நிருபங்களும் அவை பிறந்த உலகமும்

இப்னு இஸ்ஹாக் (ரஹ்) தொகுத்து, இப்னு ஹிஷாம் (ரஹ்) செம்மைப்படுத்தித் தந்த ஸீறா நூலின் பிற்பகுதியில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் விடுத்த வரலாறு இடம்பெறுகிறது. தோழர்களை அழைத்து அப்பணியை ஒப்படைத்தபோது, ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர்களான ஹவாரிய்யூன்களைப் பெருமானார் நினைவூட்டினார்கள் என்றும், தொலைவிடங்களுக்குப் பணிக்கப்பட்ட சீடர்கள் தயங்கியது போல நீங்கள் தயங்கலாகாது என்றார்கள் என்றும் அந்நூல் கூறும். அதனையடுத்து, யார் யார் எந்தெந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டனர் என்றொரு பட்டியல் வருகிறது. ரோமாபுரிக்குச் சென்றவர் புத்ருஸ்; அவருடன் சென்றவர் பூலுஸ். பூலுஸ் ஹவாரிய்யூன்களுள் ஒருவரல்லர், அவர்களைப் பின்பற்றியோருள் ஒருவர் என்ற குறிப்பும் அங்கேயே காணப்படுகிறது.

புத்ருஸ் என்பார் கிறித்தவர் கூறும் பேதுரு. பூலுஸ் என்பார் பவுல். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் முற்காலத்தில் பவுலைச் ‘சின்னப்பர்’ என்றே அழைத்தனர். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்பது பொருள். அச்சிறியவர் எழுதிய கடிதங்கள்தாம் இன்று கிறித்தவ உலகின் பெரும்பகுதிக்குக் கொள்கை வழிகாட்டியாக விளங்குகின்றன.

இக்கடிதங்களை நான் முறையாகப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லச் சற்று நாணமாகவே உள்ளது. ஆயினும் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று.

ஒரு மேடையில் நேர்ந்தது

மதரஸாவில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஓர் ஊரில் மார்க்க விளக்கக் கூட்டம் நடந்தது. பவுல் இறைச்சட்டத்தை அடியோடு நீக்கிவிட்டார் என்று நிறுவ விரும்பினேன். கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதற்கடிதத்திலிருந்து, எனக்கு எல்லாம் ஆகும் என்ற பொருள்பட வரும் ஒரு தொடரை எடுத்துரைத்து, “ஆகாதது ஒன்றுமில்லை என்பவரிடம் ஷரீஅத்தை எங்கே தேடுவது?” என்று கேட்டேன். கூட்டம் ஆரவாரித்தது. எனக்கும் மகிழ்ச்சிதான்.

கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கிறித்தவப் பெரியவர். “தம்பி, நன்றாகப் பேசினீர்கள். ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய சொல் பவுல் அப்போஸ்தலருடையதன்று. அவர் மறுக்க வந்த சொல். வீட்டுக்குப் போய் அடுத்த வரியையும் படித்துப் பாருங்கள்” என்றார். கடிந்து பேசவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வரியைப் படித்தேன். எல்லாம் ஆகும் என்போரை நோக்கி, எல்லாம் நன்மை தருமா என்று கேட்டு, ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்கிற இடம் அது. கொரிந்து நகரில் சிலர் வாய்ப்பாடு போலச் சொல்லித் திரிந்த சொல்லை எடுத்துக் கூறி, அதற்கு வரம்பிட்டு விடையளிக்கிறார் பவுல் என்பதே அறிஞர் பலரின் முடிவு. போதையுற்ற நிலையில் தொழுகையை அணுகலாகாது என்னும் கட்டளையில், போதையைப் பற்றிய பகுதியை மறைத்துவிட்டுத் தொழுகையே வேண்டாமென்று மறை கூறுகிறது என வாதிடுவானை நாம் என்னவென்று சொல்வோம்? அதே பிழையை நான் பிறர் நூலில் செய்திருந்தேன்.

ஒரு வசனம் எப்போது, எவரை நோக்கி, என்ன நிகழ்ச்சியையொட்டி அருளப்பட்டது என்று ஆராயும் ‘அஸ்பாபுன் நுஸூல்’ கலையை நாம் மதரஸாக்களில் பாடமாகப் பயில்கிறோம். இறைவேதத்துக்கே அத்துணை கவனம் தேவையென்றால், ஒரு மனிதர் மற்ற மனிதர்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு அது எத்துணை தேவை! எனவே அக்கடிதங்கள் பிறந்த உலகைச் சற்று நோக்குவோம்.

கடிதங்களின் தொகை

கிறித்தவரின் புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் உள்ளன. அவற்றுள் 13 கடிதங்கள் பவுலின் பெயரால் அமைந்தவை. ரோமர், கொரிந்தியருக்கு இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயருக்கு முதற்கடிதம், பிலேமோன் ஆகிய 7 கடிதங்களை ஐயமின்றி அவருடையவை என்று ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பர். எஞ்சியவற்றுள் சிலவற்றை அவருடைய மாணாக்கரோ, பின்வந்தோரோ அவர் பெயரால் எழுதியிருக்கலாம் என்ற கருத்து வேறுபாடு நிலவுகிறது. தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்த சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலிருந்து இக்கடிதங்கள் தமிழில் நூல்வடிவில் வழங்கி வருகின்றன. இவற்றைச் சீர்திருத்தச் சபையார் ‘நிருபம்’ என்பர். கத்தோலிக்கர் ‘திருமுகம்’ என்பர். அரபு நாட்டுக் கிறித்தவர் ‘ரிஸாலா’ என்பர்.

நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. கிறித்தவ நூல்களுள் காலத்தால் முந்தியவை நான்கு சுவிசேஷங்கள் அல்ல, இக்கடிதங்களே. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதற்கடிதம் ஏறத்தாழ கி.பி. 50-ஐச் சார்ந்தது. சுவிசேஷங்களுள் மூத்ததெனக் கருதப்படும் மாற்கு நூலோ கி.பி. 70-ஐ ஒட்டியது.

இக்காலக் கணக்குக்குத் துணைபுரிவதும் ஒரு கடிதமே. கிரேக்க நாட்டு டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளில் ரோமப் பேரரசர் கிளாடியஸ் விடுத்த மடல் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் கல்லியோ என்னும் ஆளுநரின் பெயர் வருகிறது. அவர் தத்துவ அறிஞர் செனேக்காவின் உடன்பிறந்தார். கி.பி. 51-52 அளவில் அவர் அகாயா மாநிலத்தை ஆண்டார் என்பது அக்கல்வெட்டால் தெளிவாயிற்று. கொரிந்து நகரில் பவுலை அந்தக் கல்லியோவின் முன்னர் நிறுத்தினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகிறது. ஆகவே பவுல் கொரிந்தில் இருந்த காலம் உறுதிப்படுகிறது.

கடிதம் எழுதும் முறை

பவுல் பிறந்த ஊர் கிலிக்கியா நாட்டுத் தர்சு என்று அந்நூல் கூறும். நம் வரலாற்று நூல்களில் தர்ஸூஸ் என வழங்குவதும், ஹிஜ்ரி 218-இல், அதாவது கி.பி. 833-இல், கலீஃபா மஃமூன் அடக்கம் செய்யப்பட்டதும் அவ்வூரே. இன்று அது துருக்கியின் தென்பகுதியில் உள்ளது. பவுல் யூதர், பென்யமீன் குலத்தவர், பரிசேயர் என்னும் சட்டப்பற்று மிக்க பிரிவைச் சார்ந்தவர். எனினும் அவர் எழுதியது எபிரேய மொழியிலன்று, கிரேக்கத்தில். கி.மு. 323-இல் மாண்ட அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின் எகிப்து முதல் சிரியா வரை கிரேக்கமே பொதுமொழியாக விளங்கியது. அலெக்சாந்திரியாவில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் யூத வேதமே கிரேக்கத்தில் பெயர்க்கப்படத் தொடங்கிவிட்டது. பவுல் வேத மேற்கோள்களைப் பெரும்பாலும் அம்மொழிபெயர்ப்பை ஒட்டியே தருகிறார்.

அக்காலத்துப் பொதுமக்கள் எவ்வாறு கடிதம் எழுதினர் என்பதை எகிப்தின் மணல் காத்து வைத்திருந்தது. எகிப்து வெற்றியின் வரலாற்றில் நாம் அறிந்த அல்பஹ்னஸா என்ற ஊரின் பழம்பெயர் ஆக்ஸிரிங்கஸ். அங்கே 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற ஆங்கில அறிஞர் இருவர் பண்டைய குப்பைமேடுகளை அகழத் தொடங்கினர். பாப்பிரஸ் என்னும் நாணற்றாளில் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் விண்ணப்பங்களும் ஏராளமாக வெளிப்பட்டன. மகன் தந்தைக்கு, படைவீரன் தாய்க்கு, வணிகன் கூட்டாளிக்கு எழுதியவை. பவுலின் கிரேக்கம் இந்தப் பொதுமக்களின் கிரேக்கத்தோடு உறவுடையது என்பதை ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1908-இல் வெளியிட்ட நூலில் விளக்கிக் காட்டினார்.

அக்கடிதங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எழுதுவோர் பெயர் முதலில், பெறுவோர் பெயர் அடுத்து, பின்னர் வாழ்த்து, உடல்நலம் வேண்டும் சொல், செய்தி, இறுதியில் இன்னாரையும் இன்னாரையும் நலம் விசாரித்தல். திருமறையின் ‘அந்நம்லு’ அத்தியாயத்தில் ஸுலைமான் நபி (அலை) அவர்கள் ஸபா நாட்டரசிக்கு விடுத்த கடிதமும் அனுப்புவோரை முன்னிறுத்தியே அறிமுகமாகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிரக்கல் மன்னனுக்கு விடுத்த கடிதமும் பிஸ்மிக்குப் பின் அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர், ஸலாம் என்னும் வரிசையிலேயே அமைந்தது. பவுல் இவ்வொழுங்கைக் கைக்கொண்டு, கிரேக்கர் வழங்கிய வாழ்த்துச் சொல்லின் இடத்தில் அதனோடு ஒலியொத்த ‘கிருபை’ என்ற சொல்லை அமைத்தார். கூடவே யூதரின் ‘ஷாலோம்’, அதாவது நம் ‘ஸலாம்’, என்பதன் கிரேக்கச் சொல்லையும் சேர்த்தார். ஆகவே அவர் கடிதத்தின் தலைவாசலிலேயே இரண்டு உலகங்கள் கைகோத்து நிற்கின்றன.

கடிதம் உண்மையில் இன்னாருடையதுதான் என்று எவ்வாறு அறிவது? மன்னர்கள் முத்திரையில்லாத கடிதத்தைப் படிப்பதில்லை என்று கூறப்பட்டபோது, பெருமானார் (ஸல்) வெள்ளி மோதிரத்தில் முத்திரை பொறித்துக் கொண்டார்கள். பவுல் தாம் சொல்லச் சொல்ல எழுத்தர் ஒருவரை எழுதச் செய்வார். ரோமருக்கான கடிதத்தை எழுதிய தெர்தியு என்பவர் இறுதியில் தம் வணக்கத்தையும் சேர்த்துள்ளார். முடிவில் சில வரிகளைப் பவுல் தம் கைப்படவே எழுதுவார். கலாத்தியருக்கு எழுதும்போது, தாம் எத்துணைப் பெரிய எழுத்துகளால் எழுதுகிறார் என்று அவரே சுட்டிக்காட்டுகிறார். அவருக்கு முத்திரை அவருடைய கையெழுத்தே.

வழியும் வழிப்போக்கரும்

ரோமப் பேரரசில் அகுஸ்து மன்னர் அஞ்சல்முறை ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். அது அரசாங்கப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. பின்னாளில் உமையாக்கள் வளர்த்த ‘பரீத்’ என்னும் அஞ்சல்துறையின் பெயரும் அஞ்சற்குதிரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததென்பர் சொல்லாய்வாளர். பொதுமக்களுக்கு அவ்வசதி இல்லை. அந்தத் திசையில் செல்லும் ஆளைத் தேடிப்பிடித்துக் கடிதத்தை ஒப்படைக்க வேண்டும்.

சாலைகள் இருந்தன. அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து இன்றைய இஸ்தன்பூல் வரை சென்ற எக்னேஷியா பெருவழி கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அமைந்தது. பவுலின் கடிதம் பெற்ற பிலிப்பி, தெசலோனிக்கா ஆகிய இரு நகரங்களும் அவ்வழியிலேயே உள்ளன. கி.மு. 67-இல் பாம்பே என்னும் படைத்தலைவர் கடற்கொள்ளையரை ஒடுக்கியபின் கடல்வழியும் ஓரளவு பாதுகாப்புப் பெற்றது. ஆயினும் குளிர்காலத்தில் கப்பற்போக்குவரத்து ஏறத்தாழ நின்றுவிடும். கால்நடையாகச் செல்வோர் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் அளவே செல்வர். எனவே ஒரு கேள்விக்கு விடை வந்து சேரத் திங்கள் பல ஆகும். அதற்குள் கேள்வி கேட்டோர் நிலையே மாறியிருக்கும்.

கடிதம் சுமந்தவர்களை நாம் மறத்தலாகாது. ரோமருக்கான கடிதத்தில் கெங்கிரேயா துறைமுகத்தைச் சார்ந்த பெபேயாள் என்னும் பெண்மணியை ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் பரிந்துரைக்கிறார். அக்கடிதத்தைக் கொண்டு சென்றவர் அவரே என்பது பொதுவான கருத்து. ஏறத்தாழ 7,100 கிரேக்கச் சொற்கள் கொண்ட அந்தக் கடிதத்தைப் பெற்ற கூட்டத்தில் எழுத்தறிந்தோர் சிலரே இருந்திருப்பர். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பர். அக்காலக் கிரேக்க எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. மேற்கோள் குறியும் இல்லை. நம் முன்னோரின் முஸ்ஹஃபுகளில் புள்ளியும் உயிர்க்குறியும் இன்றி எழுதப்பட்டதையும், ஓதிக்காட்டும் ஆசிரியரின்றி அதனைக் கற்றல் அரிதென்பதையும் நினைவு கொண்டால் இதன் நிலை விளங்கும். எது எழுதியவர் சொல், எது எதிராளி சொல் என்பதைப் படிப்பவர் குரலே பிரித்துக் காட்ட வேண்டும்.

கொண்டு சென்றவர் மறைந்தார், குரல் மறைந்தது, எழுத்து மட்டும் எஞ்சியது. மேடையில் நான் தடுமாறி விழுந்த இடம் இதுவே.

ஹாரிஸ் மன்னனும் அரபு மண்ணும்

அரபியறிந்தோர் ஆவலுடன் நோக்கத்தக்க இடமொன்று இக்கடிதங்களில் உண்டு. பவுல் முதலில் ஈஸா நபி (அலை) அவர்களைப் பின்பற்றியோரைத் துன்புறுத்தியவர். பின்பு தமக்குக் காட்சி கிடைத்ததாகக் கூறி மனம் மாறியவர். அதன்பின் எருசலேமுக்குச் செல்லாமல் அரபு நாட்டுக்குச் சென்று, திமிஷ்குக்குத் திரும்பியதாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், அரேத்தா மன்னனின் அதிகாரி தம்மைப் பிடிக்கத் திமிஷ்கு நகரைக் காவல் செய்ததையும், மதிற்சாளரத்தின் வழியே கூடையில் இறக்கப்பட்டுத் தாம் தப்பியதையும் குறிப்பிடுகிறார்.

அரேத்தா என்பது கிரேக்க வடிவம். அரபியில் அவர் ஹாரிஸ். நபத்திய அரபு மன்னர்களுள் நான்காம் ஹாரிஸ் கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். தம் மக்களை நேசிப்பவர் என்பது அவருடைய பட்டப்பெயர். திருமறை ஓர் அத்தியாயத்துக்கே பெயராகக் கொண்ட அல்ஹிஜ்ர் பகுதியில், நபத்தியர் மலையில் குடைந்த கல்லறை வாயில்களில் அவருடைய ஆட்சியாண்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். சவூதி அரேபியாவிலிருந்து உலக மரபுச் சின்னமாக முதலில், 2008-இல், யுனெஸ்கோ ஏற்றது அவ்விடமே. அந்த நபத்திய எழுத்திலிருந்தே நம் அரபு எழுத்து கிளைத்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் துணிபு. ஆகவே பவுல் சென்றதாகக் கூறும் அரபு நாடு, நம் எழுத்தின் தாயகத்தை உள்ளிட்ட நபத்திய நாடாகவே இருத்தல் வேண்டும். பவுல் தப்பியது ஹாரிஸ் மறைந்த கி.பி. 40-க்கு முன்னரே என்பதும் இதனால் பெறப்படும்.

கொரிந்து நகரின் கேள்விகள்

இனிக் கொரிந்துக்கு வருவோம். பழைய கொரிந்தை ரோமர் கி.மு. 146-இல் அழித்தனர். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் புதிய நகர் எழுந்தது. அங்குக் குடியேறியோருள் விடுதலை பெற்ற அடிமைகள் மிகுதி. இருபுறமும் இரு துறைமுகங்கள். பல நாட்டார், பல தெய்வங்கள், புதுப்பணம், புதுச்செருக்கு. இவ்வூரில் பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவாறே பரப்புரை செய்தார்.

அவர் எபேசு நகருக்குச் சென்றபின் கொரிந்திலிருந்து செய்திகள் வந்தன. குலோவேயாள் என்னும் பெண்மணியின் வீட்டார் அங்குள்ள பிளவுகளைச் சொன்னார்கள். கொரிந்தியர் தாமே ஒரு கடிதமும் எழுதிக் கேட்டிருந்தார்கள். அக்கடிதம் நமக்குக் கிடைக்கவில்லை. நாம் ‘முதற்கடிதம்’ என்பதற்கு முன்னரே பவுல் ஒரு கடிதம் எழுதியிருந்தார், அதுவும் கிடைக்கவில்லை. கண்ணீரோடு எழுதியதாக அவர் கூறும் இன்னொரு கடிதத்தைத் தனிக்கடிதமாகக் கொள்வோர் கருத்துப்படி அதுவும் மறைந்தது. எனவே நம் கையிலிருப்பது ஓர் உரையாடலின் பாதி. அதிலும் சில துண்டுகளே.

கொரிந்தியர் கேட்டவற்றுள் ஒன்று இறைச்சியைப் பற்றியது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சி கடைத்தெருவுக்கும் விற்பனைக்கு வரும். செல்வர் விருந்திலும் அதுவே பரிமாறப்படும். உண்ணலாமா? கடையில் விற்பதைக் கேள்வியின்றி உண்ணலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால் அவருடைய மனச்சான்றைக் கருதி உண்ணலாகாது என்ற கருத்தில் பவுல் விடையளித்தார். நம் மார்க்கத்தின் தீர்ப்பு வேறு. அல்லாஹ் அல்லாதாருக்காக அறுக்கப்பட்டது நமக்கு விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் கேள்வி நமக்கு அந்நியமானதா? புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோர் இறைச்சி கொண்டு வருகின்றனர். அறுக்கும்போது இறைவன் பெயரைக் கூறினார்களா என்று தெரியவில்லை, என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டது. நீங்கள் இறைவன் பெயரைக் கூறி உண்ணுங்கள் என்று பெருமானார் விடையளித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கப் புகாரியில் காண்கிறோம். புதிய சமூகம் பழைய ஊரின் நடுவே வாழத் தொடங்கும்போது முதலில் எழும் சிக்கல்களுள் ஒன்று அடுப்படியிலேயே எழுகிறது. விடைகள் வேறுபடினும் அந்த மக்களின் தவிப்பு நமக்கு விளங்குகிறது.

ஓர் அடிமைக்காக ஒரு கடிதம்

பவுலின் கடிதங்களுள் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. ஏறத்தாழ 335 கிரேக்கச் சொற்கள். ஒரு தாளில் அடங்கிவிடும். அதன்மேல் எழுந்த வழக்கோ பல நூற்றாண்டுகள் நீண்டது.

பிலேமோன் வீடும் அடிமையும் உடைய செல்வர். அவர் வீட்டிலேயே விசுவாசிகள் கூடுவர். அவருடைய அடிமை ஒநேசிமு. ‘பயனுள்ளவன்’ என்பது அப்பெயரின் பொருள். அடிமைகளுக்கு இடும் பெயர்களுள் ஒன்று. அவன் சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்தான். தப்பியோடி வந்தவன் என்பது பழைய உரையாசிரியர் கொள்கை. ரோமச் சட்டத்தில் அடிமை ஓர் உடைமை. ஓடிப் பிடிபட்டவனுக்கு நெற்றியில் சூடு உண்டு. கழுத்தில் இரும்பு வளையம் உண்டு. அத்தகைய வளையங்கள் அகழ்வில் கிடைத்துள்ளன.

பவுல் அவனைக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். இனி அடிமையாக அன்று, அதனினும் மேலாக அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்று வேண்டினார். அவன் கடன் ஏதேனும் பட்டிருந்தால் தாமே தருவதாகக் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஆயினும் அவனை விடுதலை செய் என்று வெளிப்படையாக ஒரு சொல்லும் எழுதவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ரோமப் பிரபு இளைய பிளினி, தம் நண்பர் சபினியானுஸின் சினத்துக்கு ஆளான ஒருவனுக்காக எழுதிய பரிந்துரை மடல் ஒன்று உண்டு. அவனோ ஏற்கெனவே விடுதலை பெற்றவன். பிளினி கருணை காட்டச் சொன்னார்; சகோதரனாகக் கொள்ளச் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் பவுல் எதுவரை சென்றார், எங்கே நின்றார் என்பது புலனாகும்.

அவர் நின்ற இடத்தில் பின்வந்தோர் போர் தொடுத்தனர். அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க 1850-இல் சட்டம் வந்தபோது, அதனை ஆதரித்தோர் பவுலே திருப்பி அனுப்பினாரே என்றனர். எதிர்த்தோர் அடிமையாக அன்று என்றாரே எனப் பதிலிறுத்தனர். அதற்கு முன்னரே ஜார்ஜியா மாநிலத்தில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்னும் போதகர், அடிமைகளின் கூட்டத்தில் இக்கடிதத்தை விளக்கி, எஜமானை விட்டு ஓடுவது பாவம் என்றார். கேட்டிருந்தோரில் பாதிப்பேர் எழுந்து வெளியேறினர் என்று அவரே பதிவு செய்துள்ளார். எழுத்தறியாதபடி வைக்கப்பட்டிருந்த அந்த மக்கள், தம்மைக் கட்டுவதற்காகக் கடிதத்தைப் பயன்படுத்துகின்றனர் என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

இதைப் படிக்கும் முஸ்லிம் ஒருவர், எங்கள் மார்க்கம் விடுதலைப் பத்திரத்தையே சட்டமாக்கியது என்று பெருமிதம் கொள்ளக்கூடும். அது மெய்யே. எழுத்தின் பெயரையே தாங்கிய ‘முகாதபா’ ஒப்பந்தத்தை ‘அந்நூர்’ அத்தியாயம் ஊக்குவிக்கிறது. ஸக்காத்தில் அடிமை விடுதலைக்கும் ஒரு பங்குண்டு. ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா தருவதாக எழுதிக்கொண்ட பரீரா (ரலி) அவர்களின் தொகையைச் செலுத்தி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடுவித்த வரலாறு நம் சிறுவரும் அறிந்தது.

ஆனால் நம் கணக்கேட்டின் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். பஸராவின் உப்புச் சதுப்பில் உழைத்த கறுப்பின அடிமைகள் கி.பி. 869 முதல் 883 வரை அப்பாஸியக் கிலாஃபத்தை எதிர்த்துப் போரிட்டனர். சவூதி அரேபியா அடிமைமுறையை ஒழித்தது 1962-இல், மௌரித்தானியா 1981-இல். விடுதலைக்கு வழிதிறந்த வேதத்தைக் கையில் வைத்திருந்தும், அவ்வழியை நாம் எத்தனை நூற்றாண்டு அடைத்தே வைத்திருந்தோம்! ஒரு நூல் கூறுவது ஒன்று. அதை ஏந்தியவர் செய்வது மற்றொன்று. பவுலின் கடிதத்தை வைத்துக் கிறித்தவரிடம் நாம் கேட்கும் கேள்வி, அதே வேகத்தில் நம்மிடமும் திரும்பி வரும்.

நம் அறிஞர் காட்டும் வழி

பவுலைப் பற்றி நம் அறிஞர் ஒரே குரலில் பேசவில்லை. இப்னு இஸ்ஹாக் அவரைப் பின்பற்றியோருள் ஒருவராக அமைதியாகக் குறிப்பிட்டுச் சென்றார். அன்தலூஸின் இப்னு ஹஸ்ம் கடுமையாகச் சாடினார். கி.பி. 995-ஐ ஒட்டித் ‘தஸ்பீத்’ நூலை எழுதிய காழீ அப்துல் ஜப்பார், ரோமர் கிறித்தவராகவில்லை, கிறித்தவர்தாம் ரோமராயினர் என்ற கருத்தை முன்வைத்தார். விருத்தசேதனம் முதலான சட்டங்களில் பவுல் கொண்ட நிலையையும், ஈஸா நபி (அலை) அவர்களை இறைமகன் என்று அவர் போதித்ததையும் நாம் ஏற்பதற்கில்லை. அதில் விட்டுக்கொடுப்புமில்லை.

ஆயினும் மறுப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. அல்பிரூனி இந்திய நாட்டைப் பற்றிய தம் பெருநூலை ஏறத்தாழ கி.பி. 1030-இல் எழுதியபோது, பிற சமயத்தாரின் கொள்கையை அவர்கள் நூல்களிலிருந்தே, அவர்கள் கூறுமாறே எடுத்துரைப்பதை முறையாகக் கொண்டார். ஏற்காததைத் திரிக்காமல் சொல்லும் நேர்மை அது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது திருமறையின் ஆணை. அந்நீதி நிலத்துக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதன்று; பிறர் சொல்லுக்கும் உரியது. ஒருவர் கூறாததைக் கூறினார் என்பதும் ஒருவகைப் பொய்ச்சாட்சியே.

பவுல் நீரோ மன்னன் ஆட்சியில் ரோமாபுரியில் கொல்லப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. அவர் கைப்பட எழுதிய தாள் ஒன்றும் இன்றில்லை. கி.பி. 200-ஐ ஒட்டிய படி ஒன்றின் 86 ஏடுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் 56 அயர்லாந்தின் டப்ளினிலும், 30 அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் காக்கப்படுகின்றன. ஒரே நூல் இரு கண்டங்களில் பிரிந்து கிடக்கிறது.

அந்தத் தமிழாசிரியரை நான் மறுபடி சந்திக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவ்வூருக்குச் சென்று விசாரித்தபோது அவர் காலமாகிவிட்டிருந்தார். என் பிழையை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அவர் முன்னிலையில் எனக்குக் கிட்டவில்லை. இப்போது மாணவர் எவரேனும் பிற சமய நூலிலிருந்து ஒரு வரியை எழுதிக்கொண்டு வந்து, “ஹஜ்ரத், இதை வைத்துப் பேசலாமா?” என்று கேட்டால், எழுதிய தாளை வாங்கிக்கொள்கிறேன். நூலை அவர் கையில் கொடுத்து, யார் யாருக்கு எழுதினார் என்ற முதல் வரியிலிருந்து உரக்கப் படிக்கச் சொல்கிறேன். அதன்பின் பேசலாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்கிறார்.